வனுவாட்டு குடியுரிமை: யாருக்கு வரும், யாரிடமிருந்து போகும்?

ஐபிஎல் கிரிக்கெட்டைத் தொடங்கி நடத்திய லலித் மோடி, 2025 மார்ச் 7 அன்று லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் தன் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க விண்ணப்பித்தார். பசிபிக் பெருங்கடலில் உள்ள வனுவாட்டு என்ற தீவு நாட்டின் குடியுரிமையை அவர் வாங்கியிருந்தது அதன் பிறகே பொதுவெளியில் தெரிந்தது. மூன்றே நாட்களில், மார்ச் 10 அன்று, அந்நாட்டின் பிரதமர் ஜோதம் நபாட் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்யும் நடவடிக்கையைத் தொடங்கும்படி குடியுரிமை ஆணையத்துக்கு உத்தரவிட்டார்.

செய்தியைப் படித்தவர்களுக்கு எழுந்த சந்தேகங்கள் நியாயமானவை. அந்த நாட்டில் வாழாத ஒருவர் எப்படி அதன் குடிமகன் ஆனார்? கொடுத்ததை ஒரு பிரதமர் நினைத்த மாத்திரத்தில் பறிக்க முடியுமா? இங்கே ஒப்படைத்து, அங்கேயும் பறிபோனால் அந்த மனிதர் எந்த நாட்டவர்? தொலைக்காட்சி விவாதங்களில் இவற்றுக்குக் கிடைத்த பதில்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட்டையும் குடியுரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவை.

வனுவாட்டுவில் உண்மையில் இரண்டு வகைக் குடியுரிமைகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஒன்று வம்சத்தாலும் நிலத்தாலும் வருவது. மற்றொன்று பணத்தால் வருவது. இரண்டுக்கும் பாஸ்போர்ட்டின் அட்டை ஒன்றுதான். உள்ளே இருக்கும் உரிமைகளும், அவற்றை இழக்கும் வழிகளும் வேறு. இது புரிந்தால் மற்ற சிக்கல்களில் பாதி அவிழ்ந்துவிடும்.

முதலில் சில சொற்கள்

1. குடியுரிமை என்பது ஒரு மனிதருக்கும் ஓர் அரசுக்கும் இடையே உள்ள சட்டப் பிணைப்பு. அந்த அரசு அவரைத் தன் எல்லைக்குள் அனுமதிக்க வேண்டும், வெளிநாட்டில் சிக்கினால் அவருக்காகப் பேச வேண்டும்.

2. பாஸ்போர்ட் அந்தப் பிணைப்புக்குச் சான்றாக வழங்கப்படும் பயண ஆவணம். ரேஷன் அட்டை தொலைந்தால் குடும்பம் கலைந்துவிடாதது போல, பாஸ்போர்ட் முடக்கப்பட்டாலும் குடியுரிமை தொடரும். நீதிமன்ற வழக்கு காரணமாக பாஸ்போர்ட் முடக்கப்பட்ட இந்தியர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் இந்தியக் குடிமக்களாகவே இருக்கிறார்கள்.

3. நாடற்றவர் என்பவர் எந்த நாட்டின் சட்டமும் தன் குடிமகன் என்று ஏற்காதவர்.

4. விசா விலக்கு என்பது ஒரு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மற்றொரு நாடு விசா இல்லாமல் உள்ளே விடுவது. இது கொடுப்பவரின் விருப்பம். கொடுத்தவரே திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டும் குடியுரிமையும் வேறு என்பதற்குப் பசிபிக்கிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. டோங்கா அரசு 1980களில் வெளிநாட்டவருக்கு ஒரு வகை பாஸ்போர்ட்டை விற்றது. அதை வாங்கியவர்கள் டோங்காவின் குடிமக்கள் ஆகவில்லை. அங்கே வசிக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. வாங்கியவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ள எந்த நாடும் கடமைப்படவில்லை என்றால் அந்த ஆவணத்தை மற்ற நாடுகள் ஏன் மதிக்க வேண்டும்? பல நாடுகள் மதிக்கவில்லை. கடைசியில் 1991ல் டோங்கா தன் அரசியல் சாசனத்தையே திருத்தி, வாங்கியவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோருக்குப் பின்தேதியிட்டுக் குடியுரிமை கொடுக்க வேண்டியிருந்தது. வனுவாட்டு இந்தத் தவறைச் செய்யவில்லை. அது தொடக்கத்திலிருந்தே குடியுரிமையைத்தான் விற்கிறது, பாஸ்போர்ட் அதன் கூடவே வருகிறது.

சொந்த மண்ணில் நாடற்றவர்கள்

வனுவாட்டுவின் குடியுரிமை விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு விடை 1980க்கு முந்தைய விசித்திரமான ஆட்சியில் இருக்கிறது.

அன்று இந்தத் தீவுகளுக்கு நியூ ஹெப்ரிடிஸ் என்று பெயர். 1906 முதல் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து இவற்றை ஆண்டன. சேர்ந்து ஆண்டன என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரே ஊரில் இரண்டு நிர்வாகங்கள், இரண்டு போலீஸ் படைகள், இரண்டு வகைப் பள்ளிகள், இரண்டு சிறைகள். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு கூட்டு நீதிமன்றம் அமைத்தபோது, ஒருவரை ஒருவர் நம்பாததால், அதன் தலைமை நீதிபதியை நியமிக்கும் பொறுப்பை ஸ்பெயின் மன்னரிடம் கொடுத்தார்கள்.

வேறு நாட்டவர் யாராவது அங்கே குடியேறினால் பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்படுவதா, பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுவதா என்று குறிப்பிட்ட காலத்துக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்தவர்களுக்கு இந்தத் தேர்வு இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த மெலனீசிய மக்களுக்கு இல்லை. அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளும் ஆகக் கூடாது, பிரெஞ்சுக் குடிமக்களும் ஆகக் கூடாது என்பது இரு அரசுகளும் எழுதி வைத்துக்கொண்ட ஏற்பாடு. விளைவாக, மக்கள்தொகையின் மிகப் பெரும் பகுதியினர் தங்கள் பாட்டன் நிலத்தில் நின்றுகொண்டே எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் முக்கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். வெளிநாடு போக வேண்டுமென்றால் கையில் கிடைப்பது ஓர் அடையாளச் சான்றிதழ் மட்டுமே.

நிலப் பிரச்சினை இதோடு பின்னியது. தோட்டங்களுக்காகவும் ஊகவணிகத்துக்காகவும் தீவுகளின் நிலத்தில் பெரும் பகுதி வெளியார் கைக்குப் போயிருந்தது. எஸ்பிரித்து சாண்டோ தீவில் நிலத்தை மனைகளாகப் பிரித்து அமெரிக்கர்களுக்கு விற்கும் வேலையும் நடந்தது. சுதந்திர இயக்கம் வளர்ந்ததே நிலத்தை மீட்கும் கோரிக்கையின் மேல்தான். 1980 ஜூலை 30 அன்று வால்டர் லினி தலைமையில் நாடு சுதந்திரம் பெற்றபோது, எழுதப்பட்ட சாசனத்தில் இரண்டு கவலைகள் தெளிவாகத் தெரிகின்றன: இனி எங்கள் மக்களில் யாரும் நாடற்றவராக இருக்கக் கூடாது; இனி எங்கள் நிலம் வெளியார் கைக்குப் போகக் கூடாது.

சாசனம் திறந்த கதவுகள்

அரசியல் சாசனத்தின் மூன்றாம் அத்தியாயம் குடியுரிமை பற்றியது. மிகச் சிறியது, ஆறு பிரிவுகள் மட்டுமே. அது கூறும் வழிகள்:

1. தானாக வருவது. தாத்தா பாட்டிகள் நால்வரும் வனுவாட்டுவின் பூர்வகுடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்களாக இருந்தால், அந்த நபர் சுதந்திர நாளன்று தானாகவே குடிமகன். பூர்வகுடி வம்சம் கொஞ்சம் இருந்து, வேறு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்களுக்கும் அப்படியே. நாடற்ற நிலை ஒரே நாளில் ஒழிந்தது இந்தப் பிரிவால்தான்.

2. கேட்டுப் பெறுவது. பூர்வகுடி வம்சத்தில் வந்து, ஆனால் ஏற்கெனவே பிரெஞ்சு அல்லது வேறு குடியுரிமை வைத்திருந்தவர்கள் சுதந்திர நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. கிடைத்தபின் பழையதைத் துறக்க வேண்டியிருந்தது. துறக்காவிட்டால் புதியது காலாவதி ஆனது.

3. பிறப்பால் வருவது. சுதந்திரத்துக்குப் பின் எங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது வனுவாட்டுக் குடிமக்களாக இருந்தால் குழந்தையும் குடிமகன். அந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. வெளிநாட்டுத் தம்பதிக்குத் தலைநகர் போர்ட் விலாவின் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குச் சாசனம் எதையும் தருவதில்லை.

4. வசிப்பால் வருவது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 10 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த வெளிநாட்டவரோ நாடற்றவரோ குடியுரிமை கேட்கலாம்.

இவற்றோடு, மற்ற வகையினருக்குக் குடியுரிமை கொடுக்கவும் பறிக்கவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று கடைசியில் ஒரு பிரிவு. எழுதியவர்கள் அதை ஒரு விடுபட்ட மூலையை நிரப்பும் ஏற்பாடாகவே நினைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் குடியுரிமை விற்பனை முழுவதும் உள்ளே நுழைந்தது, சாசனம் நாடாளுமன்றத்துக்கு விட்டுவைத்த இந்த இடைவெளியில்தான்.

பத்தாண்டு நிபந்தனையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். போர்ட் விலாவில் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பிஸ்லாமா மொழி பேசி வாழும் ஒரு வெளிநாட்டவர் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். தீவை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் உள்ள ஒரு பணக்காரருக்குச் சில வாரங்கள் போதும்.

நிலத்துக்குத் தனிப் பூட்டு

வனுவாட்டுவின் நிலம் அனைத்தும் பூர்வகுடி வழக்காற்று உரிமையாளர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் சொந்தம் என்கிறது சாசனத்தின் 73ஆம் பிரிவு. நிரந்தர உரிமை பூர்வகுடிக் குடிமக்களுக்கு மட்டுமே என்கிறது 75ஆம் பிரிவு. குடிமக்களுக்கு என்று எழுதாமல் பூர்வகுடிக் குடிமக்களுக்கு என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 79ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது. நிலப் பரிவர்த்தனையில் பூர்வகுடி அல்லாத குடிமகனையும், குடிமகனே அல்லாத வெளிநாட்டவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. இருவரோடும் நடக்கும் பரிவர்த்தனைக்கு அரசின் ஒப்புதல் வேண்டும்.

ஆகவே, பணம் கொடுத்தோ பத்தாண்டு வாழ்ந்தோ குடிமகன் ஆனவர் அதிகபட்சம் 75 ஆண்டு குத்தகைக்கு நிலம் எடுக்கலாம். சொந்தமாக்க முடியாது. நாட்டின் குடியரசுத் தலைவர் பதவியும் பூர்வகுடிக் குடிமக்களுக்கே உரியது. இந்தியச் சட்டத்துக்குப் பழகியவர்களுக்கு இது பாகுபாடாகத் தோன்றலாம். எழுபது ஆண்டுகள் தங்கள் நிலத்திலேயே அந்நியராக இருந்தவர்கள் எழுதிய சாசனம் என்பதை மறந்துவிட்டு அதைத் தீர்ப்பளிப்பது சரியாக இருக்காது.

நிலத்தை இவ்வளவு கவனமாகப் பூட்டிய நாடு, பாஸ்போர்ட்டை ஏன் இவ்வளவு தாராளமாக விற்கிறது என்ற முரண்பாட்டுக்கும் இங்கேயே பாதி விடை இருக்கிறது. விற்கப்படும் குடியுரிமையால் நிலத்தைத் தொட முடியாது. அதனால் அதை விற்பதில் ஆபத்தில்லை என்று அரசியல்வாதிகள் கணக்குப் போட்டார்கள். கணக்கு எங்கே தவறியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

விற்பனை எப்படித் தொடங்கியது

சுதந்திரச் சாசனம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. வனுவாட்டுக் குடிமகன் ஆனவர் மூன்று மாதத்துக்குள் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். வனுவாட்டுக் குடிமகன் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலும் அதே விதி. இந்த விதி இருக்கும்வரை பெரிய அளவில் விற்பனை சாத்தியமில்லை. தன் சொந்த நாட்டை முழுவதுமாக விட்டுவிட்டு இதை வாங்க எத்தனை பேர் வருவார்கள்?

2013ல் சாசனம் திருத்தப்பட்டு இரட்டைக் குடியுரிமை அனுமதிக்கப்பட்டது. கூடவே, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அரசுப் பதவிகளிலும் கட்சி அரசியலிலும் ஈடுபடுவதற்குத் தடைகளும் எழுதப்பட்டன. வாங்க வருபவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போர்ட் விலா நகராட்சித் தேர்தலில் நிற்பதற்காக யாரும் வாங்குவதில்லை.

அடுத்தடுத்து வந்த திட்டங்களின் பெயர்கள் மாறின; சாரம் ஒன்றே. 2015 மார்ச்சில் பாம் புயல் தாக்கியபோது ஏற்பட்ட சேதம் நாட்டின் ஆண்டு உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 64 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. மறுசீரமைப்புக்குப் பணம் வேண்டும் என்ற வாதம் விற்பனைக்கு வலுச் சேர்த்தது. 2017 முதல் நடக்கும் திட்டத்தின் அடிப்படை விலை தனிநபருக்கு 1,30,000 அமெரிக்க டாலர்; குடும்பமாக வாங்கினால் கூடுதல். இது முதலீடுகூட இல்லை, அரசுக்குக் கொடுக்கும் நன்கொடை. திரும்ப வராது. விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகப் போகும். நாட்டில் வசிக்க வேண்டாம், விசுவாச உறுதிமொழியை வெளிநாட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இந்த வருமானம் அவ்வளவு முக்கியம்? வனுவாட்டுவில் தனிநபர் வருமான வரி இல்லை, நிறுவன வரியும் இல்லை. சுமார் 3 லட்சம் பேர் எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறி வாழும் நாடு. அரசு நம்பியிருப்பது மதிப்புக் கூட்டு வரி, சுங்கம், சுற்றுலா, வெளிநாட்டு உதவி. 2020ல் கொரோனா எல்லைகளை மூடிச் சுற்றுலாவை நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஹெரால்டு புயல். அந்த ஆண்டில் அரசு வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குடியுரிமை விற்பனையிலிருந்து வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அரசு ஊழியர் சம்பளமும் கடன் தவணையும் இதிலிருந்து போகும்போது, கடையை மூடு என்று சொல்லும் நிதியமைச்சரைக் கண்டுபிடிப்பது கடினம்.

இழக்கும் வழிகள்

பூர்வகுடிக் குடிமகன் தன் குடியுரிமையை நடைமுறையில் ஒரே வழியில்தான் இழப்பார்: தானே துறப்பது. 2013க்கு முன் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றால் தானாகப் போய்விடும் என்ற ஆபத்து இருந்தது. திருத்தத்துக்குப் பின் அதுவும் பெருமளவு குறைந்தது.

வாங்கியவரின் நிலை வேறு. பொய்த் தகவல் கொடுத்தோ, முக்கியமான உண்மையை மறைத்தோ பெற்ற குடியுரிமையை ரத்து செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. முடிவெடுக்கும் இடம் குடியுரிமை ஆணையம். அரசியல் அழுத்தம் வந்தால் அந்த நடைமுறை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு 2019 ஜூலையில் நடந்தது சாட்சி. சீன அரசின் கோரிக்கையின் பேரில் போர்ட் விலாவில் ஆறு சீனர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் நால்வர் வனுவாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தவர்கள். அந்தக் குடியுரிமை ரத்து செய்யப்பட்டது. வனுவாட்டு நீதிமன்றம் எதிலும் விசாரணை நடக்காமலேயே, சீனப் போலீசாரின் காவலில் ஆறு பேரும் விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். பாதுகாப்புக்காக இரண்டாவது பாஸ்போர்ட் வாங்குகிறோம் என்று சொல்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுவது நல்லது. ஒருவரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில்தான் குடியுரிமையின் எடை தெரியும்.

லலித் மோடி விவகாரத்தைப் பிரித்துப் பார்ப்போம். அவர் மீது இந்தியாவில் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் உள்ளன. அவர் அவற்றை மறுத்துவருகிறார். 2010ல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

1. பின்னணிச் சோதனையில் குற்றத் தீர்ப்பு எதுவும் தெரியவில்லை என்று வனுவாட்டுப் பிரதமரின் அறிக்கை சொன்னது. இந்தியா கேட்ட எச்சரிக்கை அறிவிப்பைப் போதிய நீதித்துறை ஆதாரம் இல்லை என்று இன்டர்போல் இரண்டு முறை நிராகரித்தது என்ற தகவல், அறிக்கைக்கு முந்தைய 24 மணி நேரத்தில்தான் தனக்குத் தெரியவந்தது என்றும் அவர் கூறினார். அப்படி ஓர் அறிவிப்பு இருந்திருந்தால் விண்ணப்பம் தானாகவே நிராகரிக்கப்பட்டிருக்கும் என்பது அவர் விளக்கம்.

2. ரத்துக்குச் சொன்ன காரணம்: வனுவாட்டு பாஸ்போர்ட் உரிமை இல்லை, சலுகை; நாடுகடத்தலைத் தவிர்ப்பது குடியுரிமை கேட்பதற்கான நியாயமான காரணம் ஆகாது.

3. அறிக்கை பேசியது பாஸ்போர்ட்டைப் பற்றி. நாம் முதலிலேயே பார்த்தபடி, பாஸ்போர்ட்டை முடக்குவதும் குடியுரிமையைப் பறிப்பதும் ஒன்றாகாது. பிந்தையதற்கு ஆணையத்தின் முறையான முடிவு வேண்டும். பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாம்.

இதில் இடிப்பது இரண்டாவது அம்சம்தான். நோக்கம் சரியில்லை என்பது ஒரு காரணமானால், விற்கும்போது நோக்கத்தை யாராவது கேட்டார்களா? நாட்டில் வாழ வேண்டாம், வரவே வேண்டாம் என்று சொல்லி விற்ற பிறகு, நீ எங்கள் நாட்டுக்காக வாங்கவில்லையே என்று கேட்பது வேடிக்கையாக இருக்கிறது.

இந்தியச் சட்டம் சொல்வது

இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955ன் 9ஆம் பிரிவு கறாரானது. இந்தியக் குடிமகன் ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடிமகனாக இருப்பது நின்றுவிடும். அரசு உத்தரவு வேண்டாம், பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேறு நாட்டு பாஸ்போர்ட் பெற்றதையே அதற்கு முடிவான சான்றாகக் குடியுரிமை விதிகள் எடுத்துக்கொள்கின்றன. பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குப் பின் செய்யும் எழுத்து வேலை.

இப்போது கடினமான கேள்வி: வனுவாட்டு பறித்துவிட்டால்? இரண்டு விதமாக வாதிடலாம்.

1. ரத்து செய்த நாளிலிருந்துதான் குடியுரிமை இல்லை என்றால், நடுவில் அவர் வனுவாட்டுக் குடிமகனாக இருந்தார். 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விட்டது. வேறு குடியுரிமை இல்லாவிட்டால் அவர் நாடற்றவர்.

2. மோசடியால் பெற்றதால் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆணையம் முடிவு செய்தால், அவர் வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெறவே இல்லை, ஆகவே இந்தியக் குடியுரிமை போகவில்லை என்று வாதிட இடமுண்டு. எப்போது, எப்படி இழந்தார் என்ற கேள்வியை முடிவு செய்யும் அதிகாரம் அதே 9ஆம் பிரிவின் கீழ் இந்திய அரசின் கையில்.

முதல் நிலையில் இருப்பவர் திரும்ப இந்தியர் ஆக விரும்பினால் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் 12 மாதங்கள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவுக்கு வர விரும்பாததற்காகக் குடியுரிமை மாற்றிய ஒருவருக்கு இது எவ்வளவு உதவும் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவியிருக்கிறது: குடியுரிமையை மாற்றினால் நாடுகடத்தலில் இருந்து தப்பலாம் என்பது. நாடுகடத்தல் வழக்கில் முதலில் பார்க்கப்படுவது அந்த நபர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை. ஒருவர் லண்டனில் வாழ்ந்தால், இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள ஒப்பந்தமும் பிரிட்டிஷ் நீதிமன்றங்களும்தான் தீர்மானிக்கும். அவர் சட்டைப்பையில் இருப்பது எந்தத் தீவின் பாஸ்போர்ட் என்பது அங்கே பெரிதாக எடுபடாது. வரியும் அப்படித்தான்: வனுவாட்டுவில் வருமான வரி இல்லை என்பதால், சென்னையில் வசித்துக்கொண்டே அந்தக் குடியுரிமை வாங்குபவரின் இந்திய வரி குறையாது. வரி பெரும்பாலும் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது.

இலங்கை வாசகர்களுக்கு நிலை வேறு. இலங்கைச் சட்டம் அனுமதி பெற்று இரட்டைக் குடியுரிமை வைத்திருக்க வழி தருகிறது. 2022ல் வந்த 21ஆவது திருத்தத்துக்குப் பின் அப்படிப்பட்டவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆக முடியாது.

தொகையைக் கட்டியது யார்

வாங்குபவர்கள் 1,30,000 டாலர் கொடுத்தது வனுவாட்டுவுக்காக இல்லை. அந்த பாஸ்போர்ட் திறந்துவிடும் மற்ற கதவுகளுக்காக. அவற்றில் மிகப் பெரியது ஐரோப்பா. 2015 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு விசா விலக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. முகவர்களின் விளம்பரத்தில் அதுதான் முதல் வரி.

வேறு ஒருவர் வீட்டுக் கதவின் சாவியை விற்றால், அவர் பூட்டை மாற்றத்தானே செய்வார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட்கள் விற்கப்பட்டிருந்தன, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே, இன்டர்போல் தரவுத்தளத்தில் இருந்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டது, வாங்கியபின் பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது என்று ஐரோப்பிய ஆணையம் அடுக்கியது. பின் நடந்தவை:

1. 2022 மே: 2015 மே 25 முதல் வழங்கப்பட்ட சாதாரண பாஸ்போர்ட்களுக்கு விசா விலக்கு நிறுத்தம்.

2. 2023 பிப்ரவரி: எல்லா வனுவாட்டு பாஸ்போர்ட்களுக்கும் நிறுத்தம்.

3. 2023 ஜூலை: பிரிட்டனும் வனுவாட்டுவினருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது.

4. 2024 டிசம்பர்: விசா விலக்குப் பட்டியலிலிருந்தே வனுவாட்டுவை நீக்க ஐரோப்பிய ஒன்றியம் இறுதி முடிவு எடுத்தது. ஒரு நாட்டின் விசா விலக்கை ஐரோப்பா இப்படி முழுவதும் திரும்பப் பெற்றது இதுவே முதல் முறை.

முதல் கட்டத்தில் வாங்கியவர்களை மட்டும் குறிவைக்க முயன்றார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் வாங்கியவர், வம்சத்தால் வந்தவர் என்று எழுதப்பட்டிருப்பதில்லை. 2015க்குப் பின் பாஸ்போர்ட் புதுப்பித்த ஒவ்வொரு சாதாரண வனுவாட்டுக்காரரும் அந்த வலையில் விழுந்தார். இறுதியில் எல்லோரும் விழுந்தார்கள். விற்கப்படும் குடியுரிமையால் நமக்கு ஆபத்தில்லை, நிலம் பூட்டியிருக்கிறது என்று போட்ட கணக்கு தவறியது இங்கேதான். நிலம் பத்திரமாகவே இருக்கிறது. பாஸ்போர்ட்டின் மதிப்பு இரு தரப்புக்கும் பொதுவானது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாங்கியவர் வேறு தீவின் பாஸ்போர்ட்டைத் தேடிப் போகலாம். சாண்டோவில் கொக்கோ விளைவிக்கும் குடும்பத்தின் மகளுக்கு மாற்று பாஸ்போர்ட் எதுவும் இல்லை.

கடை மூடப்படுமா

ஐரோப்பியக் கதவு மூடிய பிறகும் வனுவாட்டு விற்பனையை நிறுத்தவில்லை. 2024 டிசம்பர் 17ல் போர்ட் விலாவை 7.3 அளவு நிலநடுக்கம் தாக்கியபின் பணத்தேவை இன்னும் கூடியது. உலகப் போக்கு எதிர்த்திசையில் போகிறது: பணத்துக்குக் குடியுரிமை கொடுப்பது வெறும் வணிகப் பரிவர்த்தனை, ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று, குடியுரிமை விற்ற உறுப்பு நாடான மால்டாவுக்கு எதிரான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். பசிபிக்கில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. உலகின் மிகச் சிறிய குடியரசான நவுரு, கடல்மட்டம் உயர்வதால் மக்களை உள்நிலத்துக்கு நகர்த்தும் செலவுக்காக என்று சொல்லி, 2025 பிப்ரவரியில் தன் குடியுரிமையை விற்கத் தொடங்கியது. தொடக்க விலை 1,05,000 டாலர், வனுவாட்டுவைவிட 25,000 குறைவு.